பொல்பிட்டிய லில்லியின் சந்தா

இனி ஒரு சதத்தைக்கூட மறைப்பதில்லை என்று இக்னேசியஸ் முடிவெடுத்தான். மனைவியிடம் அல்ல. அந்த அளவுக்கு அவனுக்குப் பைத்தியம் முற்றவில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டி அவனுடைய மலைநாட்டு வீடியோக்களைப் பார்க்கும் நாற்பத்தாறு சந்தாதாரர்களிடம்தான்.

மாதக் கடைசியில் அவர்களுக்கு மட்டும் தெரியும்படி கணக்கை எழுதிப் போட்டான். வந்தது இருபத்து மூவாயிரம். பறக்கும் கெமரா வாங்க ஒதுக்கியது பதினைந்தாயிரம். றோசலின் பார்த்துவிடுவாள் என்ற பயமே இல்லை. வீட்டில் சும்மா கிடைக்கிற முகத்தை எவள் காசு கட்டிப் பார்ப்பாள்?

"இந்த மாசம் எவ்வளவுங்க வந்துச்சு?"

"எட்டாயிரம்."

"அவ்வளவுதானா?"

"ஏழுதான் வந்திருக்கும். மாதா புண்ணியத்துல எட்டு."

"பாவங்க நீங்க" என்று றோசலின் வாளியை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தினாள். தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றச் சொல்லி அவள் கேட்டு இரண்டு மழைக்காலம் ஓடியிருந்தது.

சந்தாதாரர்களில் இக்னேசியஸுக்கு உயிர், பொல்பிட்டிய லில்லி. கணக்கு வந்ததும் முதல் ஆளாக எழுதுவாள்: 'இப்படி ஒரு நேர்மையான மனுசனைப் பாத்ததே இல்லை.' அன்றெல்லாம் அவன் கால் தரையில் படாது.

ஐந்தாம் மாதம் கெமராப் பணம் எழுபத்தையாயிரமானது. லில்லி எழுதினாள்: 'அண்ணே, உங்க வீட்டுல மழைத்தண்ணி வாளியில விழுற சத்தம் கேக்குது. கெமரா அப்புறம் பறக்கட்டும். அண்ணிக்குக் கூரையை மாத்துங்க. பில்லையும் போடுங்க.'

மற்ற நாற்பத்தைந்து பேரும் ஆமாம் போட்டார்கள். கனடாக்காரர் ஒருவர் அழுதேவிட்டார். நேர்மையான மனுசன் என்ன செய்வான்? வயிறு எரிய எரியப் பூண்டுலோயாக் கடையில் தகரம் வாங்கிக் கூரையை மாற்றி, பில்லைப் படம் பிடித்துப் போட்டான்.

அன்று மாலை அடித்த மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. றோசலின் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாம் பொல்பிட்டியாவுல ஒரு புண்ணியவதி சொன்னதால" என்றான்.

"தெரியுங்க. கொழுந்து பறிக்கிற மலையில நாங்க பத்துப் பேரு, ஆளுக்கு அம்பது ரூவா போட்டு லில்லிங்கிற பேர்ல கட்டுறோம். தேத்தண்ணி நேரத்துல உங்க கணக்கை நான்தான் வாசிப்பேன்."

இக்னேசியஸ் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தான்.

"அப்போ... நேர்மையான மனுசன்னு எழுதுனது?"

"பாதியில நீங்க கணக்குப் போடுறதை நிறுத்திடக் கூடாதுல்ல?"

"சரி விடு. அடுத்த வீடியோவாச்சும்..."

"இனிமே கட்ட மாட்டோங்க. கூரை ஆயிடுச்சு. உங்க வீடியோவ இதுவரைக்கும் ஒருத்தியும் பாத்ததில்ல."