வலது பக்கத்துக்கு ஆதாரம் இல்லை

குறி சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரியும், குறை சொல்கிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: ஆதாரம் கேட்கிறவர்கள். சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குள் நுழைந்து "வெளியே மழை" என்றால், "யார் சொன்னது?" என்று கேட்பார்களே, அவர்கள்தான்.

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. நாம் பார்க்கப்போவது முற்றிய கிளை. அந்தப் பெரிய உலகப் போரில் ஓடிய ஜெர்மன் டாங்கிகளைச் சாண் நீளப் பிளாஸ்டிக் பொம்மையாக ஒட்டிச் செய்து, பச்சையும் பழுப்புமாகச் சாயம் பூசி, காய்ந்ததும் அழுக்குப் பூசி, அழுக்கு காய்ந்ததும் துரு பூசி, பிறகு நிஜமான டாங்கியின் மேல் அன்றைக்கு என்ன எண் எழுதியிருந்தது, ஜெர்மன் படையின் சிலுவைக் குறி எந்த மூலையில் இருந்தது, படைப்பிரிவின் சின்னம் கரடியா காட்டுப்பன்றியா என்று பழைய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வயதாகிப்போன கூட்டம் இது. அந்த டாங்கி யார் வீட்டை இடித்துக்கொண்டு போனது என்று கேட்டுப் பாருங்கள். அது அவர்கள் துறை இல்லையாம்.

நம் ஆள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தெருவில் அவருக்குப் பெயரே ஆதாரம்தான். டாங்கியின் தலையில் மூன்று இலக்க எண் இருக்கும், முதல் இலக்கம் எந்தப் படைக் கம்பெனி, அடுத்தது எந்தக் குழு, கடைசியில் எத்தனையாவது வண்டி என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்லிவைப்பார். ஆனால் அந்த எண் கறுப்பா சிவப்பா? புகைப்படமோ கறுப்பு வெள்ளை. ஒரு டாங்கியின் எண் கறுப்புதான் என்பது இவர் கட்சி. சிவப்பு என்றார் இவருடைய உயிர் நண்பர். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நண்பர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினார், அது சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது, வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறான் என்று இவர் போகவே இல்லை.

வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் எல்லா டாங்கிகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும், இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு, வலது பக்கம் சுவரை ஒட்டி. ஏன் தெரியுமா? வலது பக்கம் மொட்டை. எண் கிடையாது, சிலுவை கிடையாது. படம் எடுத்தவன் இடது பக்கம் நின்று எடுத்துத் தொலைத்துவிட்டானாம்.

"அந்தப் பக்கமும் அதே நம்பர்தானே மாப்பிள்ளை இருக்கும்?" என்று ஒருமுறை மாமனார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள், கூடவே போய்ப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்த பதில், அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் முடியவில்லை. பாவம், அதற்குப்பிறகு அவர் அந்தக் கூடத்துப் பக்கமே வருவதில்லை.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வீட்டு ஸ்கூட்டர் திருட்டுப் போனது. அதை ஓட்டுவது அவர் மனைவி. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அந்த அம்மாளின் வேலை. வண்டி இல்லாமல் நடந்து, பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்வதற்குள், வெறும் வயிற்றோடு காத்திருந்த நோயாளிகள் பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குத் தூக்கமே போய்விட்டது.

நல்லவேளை, காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு வண்டி அகப்பட்டிருக்கிறது. நம்பர் பலகையைக் காணோம், உள்ளே பொறித்திருந்த எண்ணையும் திருடன் அரம் வைத்து ராவிவிட்டான். யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவர் வந்து அடையாளம் பார்த்துச் சொன்னால் கையோடு எடுத்துப் போகலாம். வண்டி இருந்தது ஆதாரத்தின் பெயரில்.

தெருவே குதூகலித்தது. எண் அழிந்த வண்டியை அடையாளம் காண உங்கள் வீட்டுக்காரரை விட்டால் ஆள் ஏது என்றார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல்முறையாக அந்த அம்மாளுக்குத் தன் புருஷனை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆதாரம் பூதக்கண்ணாடியோடு ஸ்டேஷனுக்குப் போனார், அந்த அம்மாளும் கூடப் போனாள். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார், தரையில் மல்லாந்தார், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். வலது பக்கம் இருக்கைக்குக் கீழே ஒரு பள்ளம். வீட்டு கேட்டில் இடித்தது. பிரேக் பிடியில் அந்த அம்மாள் சுற்றிய மருத்துவப் பிளாஸ்திரி. வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு?

"ஒத்துப்போகுது சார்," என்றார்.

"அப்ப உங்க வண்டிதானே?" என்றார் ஏட்டு.

"ஒத்துப்போகுதுன்னுதான் சொன்னேன்."

கேட்டில் இடிக்காத வண்டி உலகத்தில் உண்டா என்று கேட்டார். பிளாஸ்திரியை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் சுற்ற எவ்வளவு நேரமாகும்? போர்க்காலத்திலேயே அடிபட்ட டாங்கியின் தலையைக் கழற்றி வேறொன்றின் உடம்பில் பொருத்தி ஓட்டியிருக்கிறார்கள், எண் ஒன்று சொல்லும், உடம்பு வேறாக இருக்கும், இதை நம்பி ஏமாந்த அறிஞர்கள் எத்தனை பேர் என்று அவர் விவரிக்க விவரிக்க, ஏட்டு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உறுதியாகச் சொல்லாவிட்டால் வண்டி கொல்லைப்புறம் போய்விடும் என்றார். அந்தக் கொல்லையில் கேட்பாரில்லாத வண்டிகளுக்குள் புல் முளைத்துக் கிடந்ததை அந்த அம்மாள் வரும்போதே பார்த்திருந்தாள்.

அவசரமாகக் கைப்பேசியைத் துழாவி ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர், அதன்மேல் ஆதாரம், வலது பக்கத்திலிருந்து எடுத்தது, பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. ஏட்டுக்கு உயிர் வந்தது.

"இதுல உக்காந்திருக்கிறது நீங்கதானே சார்?"

ஆதாரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வலது பக்க முகம் மட்டும்தான் தெரியுது," என்றார். "சாயல் இருக்கு."

ஏட்டு கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. இவர் உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார்.

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாயல் இருக்கு சார். உறுதியாச் சொல்ல முடியாது."

அப்படியானால் அடுத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒருவர் ஸ்டேஷனுக்குள் வந்து வண்டி கேட்கிறார் என்று ஏட்டு கணக்குப் போட்டு, மூலையில் இருந்த பெஞ்சைக் காட்டினார். அங்கே ஏற்கனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான், நம் ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளியும் உட்கார்ந்தான். ஆதாரம் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன விளையாட்டு இது? நான் உன் புருஷன்!"

"ஆதாரம்?" என்றாள் அவள்.

சட்டைப் பையைத் தடவினார். ஒரு டாங்கியின் படம் வந்தது. வீட்டில் கல்யாண போட்டோ இருக்கிறதே என்றார்.

"அதுல பாதி முகத்தை எங்கண்ணன் தலை மறைச்சிருக்கு. மீதி பாதிக்கு என்ன செய்ய?"

ஆதாரம் அவள் கண்ணைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பூதக்கண்ணாடியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

"எங்க வண்டிதான் சார். ரெண்டு பக்கமும் எங்க வண்டிதான்."

திங்கட்கிழமை காலை அந்த அம்மாள் வேலைக்குப் போய்விட்டாள். மனுஷன் திருந்திவிட்டார் என்கிறீர்களா? நாய் வாலை யார் நிமிர்த்த முடியும்! அவள் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை, தன்னை, அவளை என்று மூவரையும் தனித்தனியாக இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டார்.

நல்லவேளை நாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பள்ளம் ஓரிடத்தில் வலது பக்கம் இருந்தது, இன்னோரிடத்தில் அதை இடது பக்கம் என்று சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அது கிடக்கட்டும். ஆமாம், நீங்கள் ஏன் மேலே போய்த் தேடுகிறீர்கள்?