கோபித்துக்கொண்ட வீடுகள்

மயிலாப்பூரிலேயே அதிக வீடுகளுக்குச் சொந்தக்காரர் எங்கள் சாவி நைனாதான். படுக்க மட்டும் அவருக்கு ஒரு வீடு கிடையாது. தெருமுனை ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அங்கேயே முடங்கிக்கொள்வார்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டிய சமயம். எங்கள் தெருவும் கும்பகோணம், திருச்சி என்று ஓடியது. ஆபீசில் லீவு கிடைக்காத நான் ஒருவன்தான் பாக்கி. மடி, ஆசாரமெல்லாம் முதல் ரயிலிலேயே ஏறிப் போய்விட்டதால், எதிர்வீட்டு மாமி உட்பட எல்லோரும் சாவியை நைனாவிடம் கொடுத்தார்கள்.

"அந்தியில ஆத்துல இருட்டு கிடக்கப்படாது. ஒரு விளக்கு ஏத்திடுப்பா."

சாவிகளை இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு அவர் நடந்தால், கோயில் யானை வருகிறதோ என்று நான் வாசலுக்கு ஓடுவேன்.

ஊரெல்லாம் இருட்டடிப்பு. எங்கள் தெருவில் மட்டும் வீட்டுக்கு வீடு தீபம்! இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் வந்து குதித்தார்.

"ஜப்பான்காரனுக்கு வழி காட்டறியா? எந்த வீட்டுக்காரன்யா நீ?"

"அல்லாம் நம்ப வூடுதான் சார். இருட்டுல தனியா கீது, பயப்படும்ல?"

மறுநாளிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு முறத்தை மறைப்பாகச் சாத்தினார். ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"இத்தனை வீடு சும்மாக் கிடக்கே நைனா, ஒண்ணுல படுத்துக்கறதுதானே?" என்றேன்.

"ஐய, ஒரு வூட்ல படுத்தா மத்த வூடு கோச்சிக்கும் சாமி!"

பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பினார்கள். சாவிகளும் போயின. ஆனால் பொழுது சாய்ந்தால் வாசல் வாசலாக, "வெளக்கு ஏத்தியாச்சா?" என்ற குரல் மட்டும் நிற்கவில்லை.

"எங்காத்து விளக்கைக் கேக்க இவன் யாரு?" என்று மாமி முணுமுணுத்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. ஸ்டாண்டுக்கு ஓடினேன். தெப்பமாக நனைந்து, நெருப்பாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தார். பிழைப்பாரோ என்று பயந்தே போனேன். ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"வேணாம் சாமி... மத்த வூடு கோச்சிக்கும்..."

"வீடாவது, கோபிக்கிறதாவது! பேசாமப் படும்."

ஜன்னி என்றே நினைத்தேன். விடிந்ததும் கஞ்சிப் பாத்திரமும் கையுமாக எதிர்வீட்டு மாமி வந்து நின்றாள்.

"உங்காத்துலயே வச்சுண்டா என்ன அர்த்தம்? எங்காத்துல இடமில்லையா?"

அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மாமா, கம்பளியும் அதே கோபமுமாக.

போர்வைக்குள்ளிருந்து நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னேன்ல?"

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் அவர் வேண்டியிருந்தது.