மூன்றாம் அறைக்குள் யாருமில்லை

பேரன்புள்ள மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் மகள் நலம், குளிர்பதனக் கிடங்கும் பொதுவாக நலம். மூன்றாம் அறைக்கு மட்டும் உடம்பு கொஞ்சம் சரியில்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஓய்வு பெற்று எழுந்த மேலாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்தது முதல் எல்லாம் ஏறுமுகம்தான். மின்சாரச் சிக்கனக் கேடயம் இந்த வருடமும் நமக்கே என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு. மாதக் கடைசியில் முதலாளியே நேரில் வந்து கொடுக்கிறார், கையோடு எல்லாக் கிடங்குகளுக்கும் என்னையே தலைவனாக்கப் போகிறாராம். உங்கள் காலத்தில் ஒரு கேடயம்கூட வரவில்லை என்பதை நான் எங்கும் சொல்லிக் காட்டுவதில்லை. யாராவது கேட்டால்தான் சொல்கிறேன்.

இப்போது எழுதுவது ஒரு சின்ன உதவிக்காக. நீங்கள் ஒரு நடை இங்கே வந்து, உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை ஆட்களுக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறோம். பூட்டிய மூன்றாம் அறைக்குள்ளிருந்து கதவில் டொக் என்று ஒரு தட்டல். சற்றுப் பொறுத்து இன்னொன்று. திறந்து பார்த்தால், அறையின் நடுவில் விட்டுவந்த தள்ளுவண்டி, வீட்டுக்குப் போக வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி கதவை ஒட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால் வெறும் வெண்புகை. “உள்ளே யாருமில்லை, போய் வேலையைப் பாருங்க” என்று அதட்டினேன். மறுநாள் இரண்டு வண்டிகள் வந்து தட்டின. சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். செங்கல்லும் சேர்ந்து வந்தது.

வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத நம் மெக்கானிக்கை நினைவிருக்கிறதா, அந்தக் கம்பளிதான் வதந்தியைக் கிளப்பியவன். “பெரியவர்தான் சார் இது. கதவைத் தட்டாம அவரு எந்த ரூமுக்கும் போனதில்ல” என்றான். “அவர் உயிரோட இருக்காருய்யா, நேத்துகூட என்கிட்ட போன்ல பேசினாரு” என்றேன். “போன்ல யாரு வேணா பேசலாம் சார்” என்று சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவருக்குக் குளிருமே என்று ஒரு பஞ்சுக் கோட்டைக் கதவுக்கு உட்புறக் கொக்கியில் மாட்டிவைத்தான். கதவு இப்போதெல்லாம் சரியாகச் சாத்துவதில்லை, ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாக வெண்புகை வந்து வராந்தாவில் முழங்கால் உயரத்துக்கு நடமாடுகிறது. காலையில் பார்த்தால் கோட்டின் மேல் பனி பிடித்து, கை இரண்டும் விறைத்து, யாரையோ கட்டிக்கொள்ளப் போவது போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு எவனும் உள்ளே போக மாட்டேன் என்கிறான். கதவைக் கடக்கும்போது மட்டும் “இருங்கய்யா, வந்துடுறோம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் சொன்னால்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

இதையெல்லாம் உங்கள் மகளிடம் சொல்லிச் சிரித்தேன். சரக்கு மேற்பார்வை அவளுடையது அல்லவா. அவள் சிரிக்கவில்லை. “ஏங்க, தரைக்கு அடியில ஓடுற ஃபேனை நிறுத்திட்டீங்களா?” என்றாள். ஆமாம், வந்த முதல் மாதமே நிறுத்தினேன். குளிரவைக்க ஒரு பக்கம் மின்சாரம், அதன் அடியிலேயே குழாய் வழியாக வெதுவெதுப்பான காற்றை ஊத இன்னொரு பக்கம் மின்சாரம் என்றால் எந்த மேலாளர் பொறுப்பான்? முதல் கேடயமே அதில் வந்ததுதான். வருடா வருடம் ஒவ்வோர் அறையாகக் காலி செய்து சும்மா போட்டுப் பழுதுபார்த்தீர்களே, அந்த வழக்கத்தை எடுத்ததில் இரண்டாவது கேடயம்.

“அப்பா உங்ககிட்ட சொல்லலியா?” என்றாள். சொன்னீர்கள், மாமா. நீங்கள் நிறைய விஷயம் சொல்வீர்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எப்போது வேலை பார்ப்பது?

“மண்ணுல ஈரம் இருக்குங்க. குளிர் இறங்கி இறங்கி மண்ணு உறையும். உறைஞ்சா உப்பும். தண்ணி பாட்டிலை ஃப்ரீஸர்ல வச்சு மறந்தா என்ன ஆகும்? அதுதான். தரை நடுவுல மேடாயிட்டு இருக்கு. வண்டி சரிவுல உருண்டு கதவுக்கு வருது, வேற ஒண்ணும் இல்ல.”

அப்பாடா, பேய் இல்லை என்று நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. அறையை நிறுத்திச் சரக்கை அனுப்பிவிட வேண்டுமாம், மண் இளகும்வரை மாதக்கணக்கில் சும்மா போட வேண்டுமாம். “மாசக் கடைசி வரைக்கும் தாங்குமா?” என்று கேட்டேன். “ரேக்கைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். உச்சி வரை பட்டாணி மூட்டை ஏற்றிய ரேக்குகள், வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டது போல, எல்லாம் ஒரே பக்கமாகக் கதவை நோக்கித் தலை சாய்த்து நிற்கின்றன.

ஆனாலும் மாதக் கடைசி வரை ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கேடயம் கைக்கு வந்து நான் மேலே போய்விட்டால், அடுத்து வருகிற மேலாளர் அறையை மூடிக்கொள்ளட்டும். எல்லோரும் அப்படித்தான் மேலே போகிறார்கள், நீங்கள் ஒருவர்தான் போகவில்லை. அதுவரை ஆட்கள் உள்ளே போய்வர வேண்டும், அதற்குத்தான் உங்கள் முகம் தேவை. இப்போது உங்கள் மகளே தினமும் தனியாகப் போய் வருகிறாள். நேற்று அவள் உள்ளே இருக்கும்போது தட்டல் கேட்டது. வண்டியா, அவளா என்று தெரியவில்லை. திறந்தால் வண்டிதான். அவள் பேரைச் சொல்லி இரண்டு தடவை கத்திவிட்டேன், அவ்வளவுதான், பெரிதுபடுத்த வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசிகள் எங்கள் இருவர் மீதும், முடிந்தால் முதலாளி மீதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகன்

பின்குறிப்பு (ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுவது): மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மடித்து உறையில் போடும்போது தட்டல் கேட்டது. வண்டிதான் என்று உறையை ஒட்டினேன். மறுபடி கேட்டது. வண்டிதான் என்று விலாசம் எழுதினேன். பிறகு விடாமல் கேட்டது, வண்டிக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. கதவு எழும்பிய தரையில் சிக்கிக்கொண்டு அசையவில்லை. நானும் கம்பளியும் கடப்பாரை போட்டுத் திறந்தோம். வண்டிக்குப் பின்னால் உங்கள் மகள், புருவமெல்லாம் பனி. “எவ்வளவு நேரமாங்க தட்டுறது?” என்றாள். அவள் தலைக்கு மேலே ரேக் முனகியது.

அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப்போய் மெயின் சுவிட்சை நான்தான் இறக்கினேன். இயந்திர இரைச்சல் நின்ற பிறகுதான், தரைக்கு அடியில் என்னவோ நெரிபடும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அது இருந்திருக்கிறது. அப்புறம் ரேக் சரிந்தது. பட்டாணி உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கேடயம் போயிற்று, மேலே போவதும் போயிற்று. அந்த ஃபேனை எப்படி ஓட்டுவது, எவ்வளவு காலம் ஓட்டுவது என்று சொல்ல நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

உங்கள் மகள் எல்லோரையும் வராந்தாவில் நிறுத்தித் தலை எண்ணினாள். யாரும் குறையவில்லை. எண்ணி முடித்ததும் உள்ளேயிருந்து டொக் என்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “உள்ளே யாருமில்லை” என்றேன். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், மாமா. தெரிந்து சொன்னது இன்றைக்குத்தான்.