மாமியார் கையில் ஒரு வாள், மருமகள் கையில் ஒரு வாள்

கேட்டி, டெக்சாஸ்
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் கிட்டுசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராமாத்தாளின் கணவன் சேனாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ராமாத்தாளும், மகன் மதனும் மருமகள் யாமினியும் சுகம். அங்கே தங்கள் முழங்காலும் தோட்டத்து மோட்டாரும் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

நாங்கள் வந்த புதிதில், யாமினி ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து ராமாத்தாள் சமையலறை அலமாரியைத் தன் வசதிப்படி மாற்றி அடுக்கினாள். சாயங்காலம் யாமினி வந்து ஒரு வார்த்தை பேசாமல் பழையபடி அடுக்கினாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. "மாமா, அத்தையச் சாப்பிடச் சொல்லுங்க" என்பாள் மருமகள், பக்கத்திலேயே நிற்கும் அத்தையைக் காட்டி. "பசிக்கலைன்னு சொல்லுங்க" என்பாள் அத்தை. மதனோ "அப்பா, எனக்கு மீட்டிங்" என்று மாடிக்குப் போய்விடுவான். ஒருநாள் ராமாத்தாள், "டிக்கெட்ட மாத்துங்க, ஊருக்குப் போயிரலாம்" என்று அழுதேவிட்டாள். அப்போதுதான் அவளுக்குப் புத்தி சொல்லும்படி தங்களைக் கேட்டுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை, தன் வகுப்பு முடிந்ததும் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் மளிகை வாங்கலாம் என்று யாமினி எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டாள். வகுப்பு என்றால் வாள் வகுப்பு மச்சான். இத்தாலிக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒற்றைக் கையால் வீசிய வாளாம். சொல்லிக்கொடுப்பவர் ஷாந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், ஆயில் கம்பெனி எஞ்சினியர். சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, "அம்மா, ஏன் சும்மா இருக்கிறியள்? யாமினிக்கு இண்டைக்குச் சோடி இல்லை, வாங்கோ" என்றார். மறுப்பாள் என்று நினைத்தேன்; உங்கள் தங்கை முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்! சேலைக்கு மேல் பஞ்சு வைத்த சட்டை, முகத்துக்கு வலைமூடி, கையுறை எல்லாம் மாட்டியதும் தேனெடுக்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். வலப்பக்கமிருந்து வெட்டினால் அதற்கு மாந்த்ரித்தோ என்று பெயர் என்றார் ஷாந்தன். "மந்திரிச்சு உடறதுங்களா?" என்றாள் இவள். இடப்பக்கமிருந்து வெட்டினால் ரிவெர்ஸோ. நேராகக் குத்துவதற்கு, "முதல்ல வாள் போகோணும், பிறகுதான் கால் போகோணும்" என்றார். "நம்மூராட்டவே போகோணுங்கறாரு பாருங்க!" என்று இவளுக்கு ஒரே சந்தோஷம். நானோ இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். பேசாமலிருக்கும் மாமியாரையும் மருமகளையும் எதிரெதிரே நிறுத்தி ஆளுக்கொரு வாள் கொடுத்திருக்கிறாரே!

குத்துமுன் எதிராளியிடம் ரெடியா என்று கேட்க வேண்டுமாம். ராமாத்தாள் என் பக்கம் திரும்பி, "ரெடியான்னு கேளுங்க" என்றாள். "ஐயா அங்க இருக்கட்டும், நீங்களே கேளுங்கோ" என்றார் ஷாந்தன். அவள் யாமினி பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "ரெடியா?" என்றாள். "ரெடி அத்தை." உடனே பாய்ந்தது பாருங்கள் வாள்! நேராக யாமினியின் நெஞ்சில் போய் வளைந்து நின்றது. அடுத்த குத்துக்கு ராமாத்தாள் கை நீண்டதும் நான், "வேண்டாம் ராமாத்தா!" என்று கத்திக்கொண்டு குறுக்கே ஓட, ரப்பர் வைத்த முனை என் தொந்தியில் இறங்கியது. நான் தரையில். இரண்டு பேரும் முகமூடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"சூப்பர் குத்து அத்தை. தோளை மட்டும் கொஞ்சம் லூசா விடுங்க" என்றாள் யாமினி.

"அலமாரிய நீ மறுபடி மாத்தி அடுக்கினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா கண்ணு?"

"எனக்கும் அப்படித்தான் அத்தை. என் வீட்ல எனக்கே உப்பு எங்க இருக்குன்னு தெரியல."

ராமாத்தாள் கையுறையைக் கழற்றினாள். "உப்ப எங்க வெக்கோணும்னு நீயே சொல்லு" என்றாள்.

என்னைத் தூக்கிவிட்டவர் ஷாந்தன்தான்.

ஆகவே மச்சான், தாங்கள் புத்தி சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட்டும் மாற்றவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது. அக்கா கலாவதிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நோய் நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சேனாபதி

பி.கு.: சண்டைக் காலத்தில் காலையில் ராமாத்தாள் எனக்கு ஒரு காபி தருவாள், அது தெரியாமல் யாமினி இன்னொன்று தருவாள். இரண்டிலும் சர்க்கரை. இன்று பேச்சுவாக்கில் அது வெளியே வந்துவிட்டது. இனிமேல் ஒரே டம்ளர், சர்க்கரை கிடையாது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். மேலே எழுதியதை மறந்துவிட்டு, தங்கைக்கு உடனே போன் போட்டு மருமகளோடு ஒரு சண்டை போடச் சொல்லவும். பெரிதாக வேண்டாம், இரண்டாவது காபி வருகிற அளவுக்குப் போதும்.