எண்ணூர் ஆற்றில் நான் பிடித்த கொடுவா

எண்ணூரை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று நான் சபதம் எடுத்தபோது, என் மனைவி கார்குழலிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவளை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காற்று மாறணும் என்றார் டாக்டர். எங்கள் தெருவில் காற்று மாறத்தான் செய்கிறது. காலையில் கரி, மாலையில் சாம்பல். எதிர்வீட்டு உச்சிமாகாளி அதை ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் சுவாசித்தார். போன ஆடியில் நிறுத்திக்கொண்டார்.

குழலியின் தம்பி பீம்ராவ், புளியந்தோப்பில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு வீடு பேசி வைத்திருந்தான். நான்தான் அசையவில்லை. காரணத்தை வெளியே சொல்ல வெட்கம். ஒரு தூண்டில்.

நான் பொன்னுரங்கம். துறைமுகத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி நாளன்று ஒரு கப்பல் இன்ஜினியர், அவர் கப்பலில் நான் ஒட்டவைத்த குழாய்க்கு நன்றியாகத் தன் தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குப் புழு வேண்டாம், இறால் வேண்டாம். முள்ளில் கோழி இறகைச் சுற்றி ஈ மாதிரி கட்டணும். ஈக்குக் கனம் கிடையாது, கயிற்றுக்குத்தான் கனம். பின்னால் வீசி, கயிறு முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீசணும். பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே இல்லை. போனில் பார்த்துப் பார்த்து மொட்டைமாடியில் பழகினேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு தாவூது பாயின் லுங்கியைப் பிடித்தேன். இரண்டாம் வாரம் என் இடது காதைப் பிடித்தேன்.

"இத்தினி நாளு வூட்ல ஈ ஓட்டிகினு இருந்த. இப்போ ஆத்துல ஈ வுட்டுகினு கீறியா?" என்றாள் குழலி.

ஆனால் ஒரு நாள் விடியற்காலை, முகத்துவாரத்தில், கயிறு என் தலைக்கு மேலே வளைந்து, பிரிந்து, அந்த இறகு சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது. நாற்பது வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டிய கை, ஒரு காரியத்தை இவ்வளவு மெதுவாகச் செய்யும் என்று எனக்கே தெரியாது. கண் கலங்கிவிட்டது. மீன் மட்டும் கடிக்கவில்லை. அனல்மின் நிலையக் கழிவில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே எண்ணெய் ஏழு நிறத்தில் மினுக்கியது.

ஒரு நாள் சாயங்காலம் மூச்சுக்கான மருந்துப் புகையை மிஷினில் இழுத்து முடித்ததும் குழலி முகமூடியைக் கழற்றினாள்.

"யோவ், அந்த ஆத்துல மீனு கீதா?"

"இன்னாமே இப்டி கேட்டுட்ட? துள்ளிகினு கீது."

"அப்போ ஒரு மாசம் டைமு. ஒரே ஒரு மீனு புடிச்சினு வா. ஆறு உசுரோட இருந்தா நானும் இங்கியே இருக்கேன். இல்லாங்காட்டி புளியந்தோப்பு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் மாற மாட்டேன். நீ மாறாம இரு."

இருபத்தேழு நாள் வீசினேன். ஒரு பிளாஸ்டிக் செருப்பு கிடைத்தது. அதுவும் ஒற்றை. இருபத்தெட்டாம் நாள் தாவூது பாயைப் போய்ப் பார்த்தேன். பழவேற்காட்டிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவர்.

"பாய், உசுரோட ஒரு கொடுவா வேணும்."

"கொயம்புக்கா?"

"மானத்துக்கு."

மறுநாள் காலை ஒரு பக்கெட்டில் கொடுவா வந்தது. கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன் உதட்டில் முள்ளை மாட்டினேன். அது என்னையே பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அதை ஆற்றில் விட்டு, தெருவே ஓடிவரும்படி கத்திக்கொண்டே இழுத்தேன்.

வாசலில் குழலி நின்றிருந்தாள். மீனை வாங்கி, செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"கெலிச்சிட்டய்யா! போய்க் குளி. கொயம்பு வைக்கறேன்."

ஒரு சந்தேகம் இல்லை, ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. பாவம், வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு தலை.

"இன்னாமே, ரெண்டு தலை கீது?"

"ஒண்ணு நீ புடிச்சது. இன்னொண்ணு, காலைல நம்ம ஆத்துல வலை போட்டவங்க கைல நான் வாங்கினது. இங்கியேதான இருக்கப் போறோம்? துன்னு பழகிக்கலாம்னுதான்."

"எது... எது நான் புடிச்சது?"

"எதுவா இருந்தா இன்னா? ஒரே ஆறு, ஒரே தண்ணி. துன்னு."

என் கை சோற்றிலேயே நின்றது. அந்த ஆற்றிலிருந்து வந்தால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவன் நான்.

"பசிக்கலமே."

"செரி, நானாவது துன்றேன்." ஒரு துண்டை எடுத்து ஊதினாள். ஊதும்போது அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. துண்டு வாய்க்குப் போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம் குழலி! எது பழவேற்காட்டு மீனுன்னு தெரியாம வாயில வைக்காத!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. துண்டைத் தட்டில் வைத்தாள்.

"அந்த ஆத்து மீன நீயும் துன்ன மாட்ட, என்னியும் துன்ன வுட மாட்ட. அந்தக் காத்த மட்டும் நான் துன்னுகினு இருக்கணும். இல்ல?"

சாப்பாட்டுக் கையை மடியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பீம்ராவுக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம வண்டி கொண்டாரச் சொல்லு."

போட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டி என்று முடிவானது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குழலி நிதானமாக முள் நீக்கி இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ, அது எந்த மீனுன்னு..."

"பயப்படாத. தாவூது பாய் கைல நானும் ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். ரெண்டுமே பழவேற்காடுதான்."