வாடக் கூடாதென்று வார்த்த தண்ணீர்

உலகத்தில் உபத்திரவக்காரர்கள் பல வகை. வழியில் நிறுத்திக் கவிதை படித்துக் காட்டுபவர், பேருந்தில் நம் தோளில் தூங்குபவர், போனை வைக்கத் தெரியாதவர். இவர்களிடமிருந்தெல்லாம் எப்படியாவது ஓடித் தப்பிவிடலாம். ஓட முடியாதவளாகப் பார்த்துத் தேடிப் பிடிக்கிற இனம் ஒன்று உண்டு. அதற்கு அக்கறைக்காரர் என்று பெயர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பிக்கட்டும். அதுவரை அவள் பெயர்கூடத் தெரியாதவர் மாடிப்படியில் வழிமறிப்பார், முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து நலம் விசாரிப்பார், கேட்ட கேள்விக்குத் தாமே பதிலும் சொல்லிக்கொள்வார், கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "பி.எச்.டி. எங்க ஓடிடப் போகுது?" என்பார். ஓடாதுதான். காலக்கெடு ஓடிவிடும். அதை அவர் சொல்லமாட்டார்.

நான் சொல்லும் பெண்ணின் கணவனும் எதிர்க் கட்டடத்தில் ஆராய்ச்சி மாணவன்தான். அவனை வழிமறித்தால் வசனம் வேறு. "அப்பா ஆகப்போறே! இனிமே பொறுப்பு வந்துடுச்சு. சீக்கிரம் தீசிஸை முடி தம்பி." குழந்தை ஒன்றுதான். அப்பாவுக்கு அது சாட்டை, அம்மாவுக்கு விலங்கு.

இந்த இனத்தின் பழுத்த மாதிரி, பூச்சியியல் பேராசிரியர். அவளுக்கு வழிகாட்டி அல்ல, பக்கத்து அறைக்காரர். அக்கறைக்கு ஒரு சுவர் தடையா என்ன?

எந்தத் தக்காளி ரகம் வறட்சியைத் தாங்கும் என்பது அவளுடைய ஆய்வு. நாற்று வளர்த்து, தண்ணீரை அடியோடு நிறுத்தி, எது முதலில் துவள்கிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று தினமும் அளக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் கடைசிச் சுற்றை முடித்துவிட்டால், பிறகு உட்கார்ந்து எழுதுவது மட்டுமே பாக்கி. கெட்டுப்போனால் மறுபடி விதையிலிருந்து. எனவே பசுமைக்குடிலின் கதவில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டு ஸ்கேனுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது நாற்றுகள் குளித்து முழுகி நின்றன. பக்கத்தில் வாளியும் கையுமாகப் பேராசிரியர்.

"பாவம்மா, எல்லாம் துவண்டு கெடந்துச்சு. நல்லவேளை, நான் பாத்தேன்."

"சார்... கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே?"

"பாத்தேன், பாத்தேன். மாசமா இருக்கும்போது மறதி சகஜம். ஊத்தச் சொல்லி எழுத வந்து மாத்தி எழுதிட்டே. என் வீட்டுக்காரியும் அப்படித்தான், உப்பு டப்பாவுல சக்கரையைக் கொட்டி வெச்சா."

"அது வறட்சிச் சோதனை சார்! தண்ணியே படக்கூடாது!"

"டென்ஷன் ஆகாதே. கொழந்தைக்கு ஆகாது."

கவனித்தீர்களா? இவர்களோடு வாதாடவே முடியாது. எழுதி வைத்தால் மறதி, கோபித்தால் ஹார்மோன், அழுதால் பலவீனம், பேசாமல் நின்றால் 'சோந்துட்டா பாரு'. அவள் சொல்வதுதான் உண்மையான காரணமாக இருக்கலாம் என்பது மட்டும் எந்த மருத்துவக் குறிப்பிலும் கிடையாது போலும்.

வழிகாட்டியிடம் போனாள். அக்கறை அங்கே முன்னாலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"மிச்சத்தை வேற யாராவது செய்யட்டுமே," என்றார் வழிகாட்டி. " அவங்க பேரையும் சேத்துக்கலாம். நீ வீட்ல நிம்மதியா இரு."

"நிம்மதியா இருக்கத்தான் சார் இதை நானே முடிக்கணும்."

குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து வந்து மறுபடி விதை போட்டாள். வசனமும் மாறியது. முன்பு "ஏன் வந்தே?" இப்போது "எப்படி மனசு வந்துச்சு?" இதைக் கேட்டது அலுவலகத்து அக்கா. அவள் ஒருநாள் வராவிட்டால் வருகைப் பதிவில் சிவப்பாகச் சுழித்து மேலிடத்துக்கு அனுப்புபவரும் அதே அக்காதான். பால் கட்டி மார்பு வலிக்கும்போது, பழைய நுண்ணோக்கிகள் அடுக்கிய சரக்கறையில் அவள் பாலைப் பீய்ச்சத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "உள்ள என்னம்மா பண்றே, மயக்கமா?" என்று கதவைத் தட்டுபவரும் அவரே.

இந்த முறை பசுமைக்குடிலுக்கு ஒரு பூட்டு வந்தது. பேராசிரியர் நொந்துபோனார்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ரொம்ப இருக்கு சார். அதான் பூட்டு."

சுற்று முடிந்தது. இரண்டு ரகங்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தன. அதை முதலில் பார்த்தவள் அவள், அளந்தவள் அவள், ஆய்வேட்டில் இருப்பதும் அவள் பெயர் ஒன்றுதான். நேற்று அதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டாள்.

இப்போது ஒரு சின்ன விசாரணை, வாசகரே. மறைக்காமல் சொல்லுங்கள். அவள் பூட்டிய குடிலுக்குள் நாளெல்லாம் நின்று அளந்துகொண்டிருந்தாள் என்றதும் உங்கள் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி எது? தாக்குப்பிடித்த அந்த ரகங்கள் எவை என்பதா? இல்லை, 'அப்போ கொழந்தைய யாரு பாத்துக்கிட்டா?' என்பதா?

முதல் கேள்வி என்றால், நீங்கள் போகலாம். இரண்டாவது என்றால், அவளிடம் நேரில் போய்க் கேட்டுவிடாதீர்கள். எதிர்க் கட்டடத்தில் அதற்குப் பதில் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனை இதுவரை யாரும் கேட்டதில்லை.