கட்டை அடுக்கிக் கட்டிய அறை

அந்தச் சின்ன அறையை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தது பாத்ரூமில். அங்கேதான் தாழ்ப்பாள் இருக்கிறது.

நான் இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் வரைகிறவன். ஊருக்கெல்லாம் பிளான் போட்டுக் கொடுப்பேன். வீட்டில் பிளான் போடுகிறவள் என் மனைவி. தையல்காரி. எதையும் கண்ணாலேயே அளவெடுப்பாள். கல்யாணத்தன்றே என்னை அளவெடுத்துவிட்டாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பழைய பீரோவைத் தூக்கிப் போட்டதில் அந்த அறை காலியானது. எனக்கு அது படிக்க, வரைய, முக்கியமாகச் சும்மா இருக்க வேண்டும். படுக்கையறை மூலையில் முடங்கிக் கிடந்த தையல் மிஷினை அங்கே போட வேண்டும் என்பது அவள் ஆசை.

"எனக்கு அந்த ரூம் வேணும்." என்றேன், தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்து.

"நியாயம்தாங்க. உங்களுக்குன்னு ஒரு ரூம் வேண்டியதுதான். எப்படி வச்சுக்கப் போறீங்க?"

"வரைஞ்சு காட்டறேன்."

"கோடு கோடா போட்டா எனக்கு என்ன விளங்கும்? நம்ம பொண்ணு டேப்லெட்டுல கட்டை அடுக்கி வீடு கட்டுறாளே, அந்த விளையாட்டுல கட்டிக் காட்டுங்க. உள்ள போய்ப் பார்த்துக்கலாம்."

இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிறாளே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த விளையாட்டில் எல்லாமே கட்டைதான். மண் கட்டை, மரக் கட்டை, கண்ணாடிக் கட்டை. வெட்டி எடுத்து அடுக்க வேண்டும். ஆபீசில் நான் வரைவதோடு சரி, கட்டுகிறவர்கள் வேறு. இங்கே நானே மேஸ்திரி, நானே கொத்தனார். முதல் சுவர் எழும்பியபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு லீவு நாளெல்லாம் சோபாவிலேயே கிடந்தேன்.

அவள் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல் சின்னதா இருக்கே, காத்து வேணாமா?"

பெரிதாக்கினேன்.

"புத்தகம் வைக்க ஒரு அலமாரி போதுமா?"

மூன்று சுவரிலும் அலமாரி வைத்தேன்.

"கால் நனைச்சுக்க ஒரு குளம் இருந்தா?"

"ரூமுக்குள்ள குளமா?"

"உங்க ரூம்தானே, யாரு கேக்கப் போறா?"

தோண்டினேன். இவ்வளவு ரசனையா இவளுக்கு! நான் கட்டியதிலேயே சிறந்தது இவள்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள்ளே எங்கோ எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னது?"

"பெருக்குறேங்க. நீங்க கூரையைக் கவனிங்க."

கவனித்தேன்.

வேலை முடிந்ததும் மாடி வீட்டு வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பிரமாதம் சார்! உங்க ரூமா?" என்றார் வக்கீல்.

"என் ரூம்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"உங்களுக்கு இது போதுமாங்க?" என்றாள் அவள்.

"ஆயுசுக்கும் போதும்!"

"வேற ரூம் எதுவும் வேணாமே?"

"இதைவிட என்ன வேணும்?"

"வக்கீல் சார், கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"ரெண்டு காதாலயும் கேட்டேம்மா."

"சரி, நாளைக்கு என் மேஜையை ரூம்ல போட்டுடறேன்," என்றேன்.

"எந்த ரூம்ல?"

"சின்ன ரூம்லதான்!"

"ஏங்க, உங்க ரூமைத்தான் இவ்வளவு அழகா கட்டிட்டீங்களே. குளம் வேற. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம்?"

ஓடிப்போய்ச் சின்ன அறையைத் திறந்தேன். ஜன்னலோரம் மிஷின். பக்கத்தில் துணி வெட்டும் மேஜை. ஆளுயரக் கண்ணாடியில் என் முகம் அசடு வழிந்தது. நான் அங்கே குடியிருந்த நேரத்தில் அவள் இங்கே குடியேறிவிட்டாள்.

"வக்கீல் சார், நீங்களாவது எனக்காகப் பேசக் கூடாதா?"

"எப்படி சார்?" பின்னாலேயே வந்தவர் கொக்கியில் தொங்கிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். "என் கோட்டு இங்கதான் பாதி தைச்சு நிக்குது."

வருத்தம்தான். அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு மழை பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். மழை வரும்போது இப்போது அவள்தான் பார்க்கிறாள். சில சமயம் என்னையும் கூப்பிடுகிறாள், பட்டன் தைக்க.

ஆனாலும் எனக்கென்று ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது. டேப்லெட்டில் சார்ஜ் இருக்கும் வரை.